ஒரு சாண் தள்ளி

இருபத்திரண்டு வருஷம் பந்தைத் தடுத்தவன்
இப்போது காலை ஐந்தரைக்கெல்லாம்
பந்து அடிக்கிறேன், நாளைக்கு முந்நூறு.
கோல்கீப்பர் கோச் வேலை என்றால் அதுதான்,
எதிராளியின் வேலை.

வியாசர்பாடி மைதானத்தில் புல் கிடையாது.
மழை பெய்தால் களி, பெய்யாவிட்டால் சிமெண்ட்.
விடியுமுன் மணலிப் பக்கம் வானம் சிவந்திருக்கும்,
சூரியன் அல்ல, ஆலை.
வலை கிழிந்தபோது கிளப்பில் காசில்லை.
காசிமேட்டில் சூசைநாதனிடம்
பழைய மீன்வலை வாங்கிக் கட்டினோம்.
எத்தனை முறை அலசியும் கவிச்சி போகவில்லை.
கோலுக்குள் பூனைகள் உட்கார்ந்திருக்கின்றன.
பந்து வரும்போது மட்டும் நகர்கின்றன,
என் ஆட்களைவிடச் சரியான நேரத்தில்.

நான் ஆடிய காலத்தைக் கேட்பவர்களிடம்
விரல்களை நீட்டுவேன்.
இடது சுண்டுவிரல், ஒரு கார்னர்.
வலது மோதிரவிரல், எங்கள் டிஃபெண்டரின் பூட்ஸ்.
கல்யாணத்தன்று மோதிரம் அதில் ஏறாமல்
புளோரா அதைச் சுண்டுவிரலில் மாட்டிவிட்டு
பாதிரியார் முன்னாலேயே சிரித்தாள்.
கட்டைவிரல் மட்டும் ஆட்டத்தில் போகவில்லை,
குடோனில் ஒரு கன்டெய்னர் கதவு.
வேலை நிரந்தரமாகும் என்றுதான் கம்பெனிக்கு ஆடினோம்.
நிரந்தரமாக டீமைக் கலைத்தார்கள்.

அப்புறம் அந்த செமிஃபைனல்.
எண்பத்தொன்பதாவது நிமிஷம்.
வெளியே போகிறது என்று விட்டேன்.
தூணின் உள்பக்கம் தட்டி உள்ளே வந்தது.
தவறவிடவில்லை, விட்டேன்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை
லைசென்ஸ் பரீட்சையில் கேட்டிருந்தால்
முதல் தடவையே பாஸாகியிருப்பேன்.
அவர்கள் இங்கிலீஷில் கோணம் கேட்டார்கள்.

கை எட்டும் தூரத்தில் அடித்தால் கீப்பர் கொழுத்துப்போவான்.
எட்டாத தூரத்தில் அடித்தால் மனம் விட்டுப்போவான்.
எட்டுவதற்கு ஒரு சாண் தள்ளி அடிக்க வேண்டும்,
மறு வாரம் அந்தச் சாணுக்கு ஒரு விரற்கடை தள்ளி.
இதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.
எனக்குக் கோச் இருந்ததில்லை,
பிராக்டிஸில் மற்றவர்கள் கோல் அடித்துப் பழக
நடுவில் நிற்க வைப்பார்கள், அவ்வளவுதான்.

நிசாருக்கு இருபத்தொன்பது வயது.
ராத்திரியெல்லாம் சாப்பாடு டெலிவரி,
சிவப்புப் பையைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு
கையுறை மாட்டுவான்.
போன செவ்வாய்க்கிழமை
நூற்றுப்பத்தாவது பந்தைத் தட்டிவிட்டு எழுந்து,
"மாஸ்டரு, நீ அடிக்கிற மாரி
மேட்ச்ல ஒருத்தனும் அடிக்க மாட்டான்.
இவ்ளோ நாயமா எவன் அடிப்பான்?" என்றான்.

கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்தது.

ஓடிவந்து, சாண் விரற்கடை எதையும் பார்க்காமல்,
வாழ்க்கையில் முதல் முறையாக
ஒருவனை ஏமாற்றுவதற்காக அடித்தேன்.
நிசார் பார்த்தான். கையை இறக்கினான்.
"வெளிய" என்றான்.

தூணின் உள்பக்கம். அதே சத்தம்.
பூனை ஒன்று பையின்மேல் பாய்ந்தது.

பேசின் பிரிட்ஜ் பக்கம் போகும் கூட்ஸ் வண்டி
முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு அவன் கோட்டுக்கு வந்து,
முட்டியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு,
"அதையே இன்னொரு தபா அடி" என்றான்.

அடித்தேன். வெளியே போனது.
அடித்தேன். அவன் மார்பில் போய் உட்கார்ந்தது.
அடித்தேன். சுவர்.
முட்டி வலிக்க வலிக்கப் பதினொரு தடவை
ஒரே இடத்தைக் குறிவைத்து
பதினொரு வேறு இடங்களில் அடித்தேன்.
அன்றைக்கு எனக்கு அடித்த அந்தப் பையனும்
இப்படித்தான், குருட்டாம்போக்கில்,
என்று நினைத்தபோது
பன்னிரண்டாவது பந்து
வேலியைத் தாண்டிக் கால்வாயில் விழுந்தது.

யார் இறங்குவது என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.